கம்பெனிக்கு எத்தனை மாசம், உனக்கு எத்தனை மாசம்?

சித்தி பையனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டான். கூடவே சித்தியும். வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தவள், அதை முறத்தில் உருவிப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்: "அந்தச் சின்னக் கம்பெனி பேரை யார்கிட்ட சொன்னாலும் 'ஓ அப்படியா'ங்கறாங்க. தெரியும்னு ஒருத்தர் சொல்லலையேடி."

ஜாதகம் வெளியே போயிருக்கும் வீடு. சித்தியின் கவலை எனக்குப் புரிந்தது. பையனுக்கோ அது காதில் ஏறவில்லை. "அக்கா, 30-க்கும் 23-க்கும் நடுவுல யோசிக்க என்ன இருக்கு?" என்று ஆஃபர் லெட்டரை என் பக்கம் திருப்பினான்.

விஷயம் இதுதான். அவன் இப்போது இருப்பது சிறுசேரியில், பெயரைச் சொன்னால் ஊரே தலையாட்டும் ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனத்தில். ஆறு வருடமாக ஒரே புராஜெக்ட், அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் க்ளெய்ம் சிஸ்டத்தைப் பராமரிப்பது. சிடிசி, அதாவது கம்பெனி வருடத்துக்கு இவனுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, 14 லட்சம்; மாதம் கையில் வருவது தொண்ணூறாயிரம் சொச்சம். ஏப்ரலில் ப்ரொமோஷன் வாங்கித் தருவதாக மேனேஜர் வாய்வார்த்தை கொடுத்திருக்கிறார். முதல் ஆஃபர் பெருங்குடியில் 35 பேர் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப்பில், 30 லட்சம். இரண்டாவது மணப்பாக்கத்தில் ஒரு வெளிநாட்டு வங்கியின் ஜிசிசி, அதாவது அந்த வங்கி தன் வேலைகளுக்காகவே இங்கே வைத்திருக்கும் மையம். அங்கே 23 லட்சம்.

என் கதையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ஸ்டார்ட்அப்பில் இரண்டரை வருடம் இருந்து, அது மூடுகிற வரைக்கும் பார்த்தவள். இன்று வேலை செய்வது ஒரு ஜிசிசியில். என் தராசுத் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

30 லட்சம் எப்படி 20 ஆனது

லெட்டரின் கடைசிப் பக்கத்தில் அனெக்ஸர் என்று ஒரு அட்டவணை இருக்கும். ஆஃபர் லெட்டரை அங்கிருந்துதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். இவனுடையதில் இருந்தது: ஃபிக்ஸட் 20 லட்சம், வேரியபிள் (கூடக் குறைய வரும் பகுதி) 2 லட்சம், ஈசாப் (கம்பெனியின் பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை) வருடத்துக்கு 8 லட்சம். அந்த எட்டைச் சேர்த்துத்தான் முதல் பக்கத்து 30. ஜிசிசி லெட்டரில் ஃபிக்ஸட் 21, போனஸ் 2. பங்கு கிங்கு எதுவும் கிடையாது.

ஃபிக்ஸட் 20-க்குள்ளும் கை நுழைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கம்பெனி கட்டும் பிஎஃப் அதில்தான் அடக்கம். கிராஜுவிட்டிக்கென்று 48,100 ரூபாய் அதில்தான் அடக்கம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. மூன்று வருடத்துக்கு மேல் இருப்பானா என்று அவனுக்கே தெரியாத இடத்தில் அந்தக் காசை சம்பளமாக எண்ணுவது, வராத விருந்தாளிக்கு இலை போடுவது மாதிரி. புதிய வரிமுறையில் வரியையும் கழித்துப் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்அப்பில் மாதம் கையில் ஏறத்தாழ 1,44,000. ஜிசிசியில் 1,35,000.

"பாத்தியா, இங்கதான் அதிகம்" என்றான்.

அவன் கவனிக்காதது பிஎஃப் வரிசை. ஸ்டார்ட்அப்பில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 12 சதவீதம், அதாவது 1,800. இவன் பங்கும் அதே 1,800. மாதம் 3,600 சேரும். ஜிசிசியில் முழு பேசிக்குக்கும் 12 சதவீதம் என்பதால் இரண்டு பக்கமும் சேர்த்து மாதம் 21,000 விழும். கையில் வருவதையும் பிஎஃப்பில் விழுவதையும் கூட்டினால் 1,47,600-க்கு எதிரே 1,56,000. வருடத்துக்கு ஒரு லட்சம் ஜிசிசி பக்கம் கூடுதல். தவிர, ஜிசிசியின் குரூப் இன்சூரன்ஸில் அப்பா அம்மாவும் உண்டு. ஸ்டார்ட்அப்பில் மனைவி, பிள்ளைகள் மட்டும். இவனுக்கு இன்னும் இரண்டும் இல்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை. வெளியே தனியாக பாலிசி எடுத்தால் இரண்டு பேருக்கும் வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கவும் வைப்பார்கள்.

ஆக, 30-க்கும் 23-க்கும் நடுவில் இருந்தது ஏழு லட்சம் வித்தியாசமே இல்லை. ரொக்கக் கணக்கில் ஜிசிசிதான் ஒன்றரை லட்சம் முன்னால். மீதி முழுக்க ஈசாப்.

அந்த 32 லட்சம்

நான்கு வருடத்துக்கு 32 லட்சம் "மதிப்புள்ள" ஈசாப் என்று லெட்டர் சொன்னது. எத்தனை பங்கு என்று சொல்லவில்லை. மொத்தம் எத்தனை பங்கு என்றும் இல்லை. இரண்டும் தெரியாத ஈசாப், சர்வே நம்பர் இல்லாத மனைப்பத்திரம். ஹெச்ஆருக்கு மெயில் போடச் சொன்னேன். தயங்கினான், கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று. கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கம்பெனி என்றால், அதைவிட மலிவாக அந்த உண்மை தெரியவராது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. 8,000 ஆப்ஷன், அதாவது 8,000 பங்கு வாங்கும் உரிமை. எல்லா ஆப்ஷன்களையும் சேர்த்து மொத்தப் பங்கு 40 லட்சம். எனவே இவனுடையது 0.2 சதவீதம். கடைசியாக முதலீட்டாளர் கொடுத்த விலை பங்குக்கு 400 ரூபாய். 8,000-ஐ 400-ஆல் பெருக்கினால் 32 லட்சம் வந்துவிடுகிறது, சரிதான். ஆனால் இந்தப் பங்கை இவன் வாங்க பங்குக்கு 40 ரூபாய் கட்ட வேண்டும். அதைக் கழித்தாலே 28 லட்சத்து 80 ஆயிரம்தான். இன்னொன்று: முதலீட்டாளர் அந்த 400-ஐக் கொடுத்தது முன்னுரிமைப் பங்குக்கு. கம்பெனி விற்றால் அவர் போட்ட பணம் முதலில் அவருக்கு வரும் என்ற உரிமை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவன் கைக்கு வருவது சாதாரணப் பங்கு. இரண்டுக்கும் ஒரே விலை போடுவது ஹெச்ஆரின் தாராள மனசு.

உதாரணக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். இன்னும் இரண்டு முறை பணம் திரட்டுகிறார்கள், ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் புதியவர்களுக்குப் போகிறது என்று வைப்போம். 0.2 சதவீதம் 0.128-ஆகச் சுருங்கும். அதற்குள் முதலீட்டாளர்கள் மொத்தம் 60 கோடி போட்டு 45 சதவீதம் வைத்திருப்பதாகக் கொள்வோம். கம்பெனி 500 கோடிக்கு விலை போனால் எல்லோரும் பங்கு விகிதப்படி எடுத்துக்கொள்வார்கள். இவன் கட்ட வேண்டிய 3 லட்சத்து 20 ஆயிரம் போக, வரிக்கு முன் 60 லட்சம் நிற்கும். 100 கோடிக்குப் போனால் முதலீட்டாளர்கள் தங்கள் 60-ஐ முதலில் எடுத்துக்கொண்டு 40-ஐத்தான் மற்றவர்களுக்கு விடுவார்கள். இவனுக்கு ஆறு லட்சம். 60 கோடிக்குப் போனால் பேப்பரில் பெரிய செய்தியாக வரும், நிறுவனருக்குப் பூங்கொத்து கொடுப்பார்கள், இவனுக்கு ஒரு ரூபாய் வராது.

"ஃப்ரெஷ்வொர்க்ஸ்ல 500 பேருக்கு மேல கோடீஸ்வரன் ஆனாங்களே அக்கா?"

ஆனார்கள். அதே பெருங்குடிச் சாலையில் அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாங்கள். 2010-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர். நடுவில் 11 வருடம். அடுத்த ஆண்டே பங்கு விலை அந்த 36-இல் பாதிக்கும் கீழே இறங்கியது. அது நல்ல கம்பெனியின் கதை. அதே காலத்தில் இதே ஓஎம்ஆர் சாலையில் பலகை மாட்டி, சத்தமில்லாமல் பலகையைக் கழற்றிய கம்பெனிகளில் ஈசாப் வைத்திருந்தவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள். ஈசாப் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் போனால்தான் முதல் பங்கு உரிமையாகும். கம்பெனிச் சட்ட விதி அப்படி. இவன் 18 மாதத்தில் விலகுகிறான் என்று வையுங்கள். 3,000 ஆப்ஷன் கையில் வந்திருக்கும். லெட்டரில் போட்டிருந்தபடி 90 நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போச்சு. வாங்க 1,20,000 ரூபாய். அதோடு முடியவில்லை. பங்கின் அன்றைய மதிப்பு 300 என்று மெர்ச்சன்ட் பேங்கர் சான்று கொடுத்தால், ஒரு பங்குக்கு 260 ரூபாய் இவனுக்குச் சம்பளம் கிடைத்ததாக வருமானவரித் துறை எடுத்துக்கொள்ளும். 7 லட்சத்து 80 ஆயிரம் கற்பனைச் சம்பளம். அதற்கு நிஜ வரி இரண்டு லட்சத்தைத் தாண்டும். 2020 நிதிச் சட்டம் சில ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போட வழி செய்தது உண்மை. ஆனால் அது அரசின் குறிப்பிட்ட சான்று பெற்றவற்றுக்கு மட்டும். வேலையை விட்டதும் அந்தச் சலுகையும் முடிந்துவிடும். மொத்தத்தில் மூன்றே கால் லட்சம் கையிலிருந்து கொடுத்து, விற்க முடியாத ஒரு காகிதத்தை வாங்குவான். நான் வாங்கவில்லை. என்னோடு இருந்த ஒருவர் கடன் வாங்கி வாங்கினார். அந்தக் காகிதம் இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது.

அதனால் நான் சொன்னது ஒன்றுதான்: ஈசாப்புக்கு நேரே சைபர் போடு. போட்ட பிறகும் அங்கே போகத் தோன்றினால் போ.

16 மாதம் என்பது எத்தனை மாதம்

சைபர் போட்டதும் முகம் விழுந்துவிட்டது. சித்தி எழுந்துபோய் காபி போட்டாள். நான் எம்சிஏ தளத்தை, அதாவது மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தைத் திறந்தேன்.

இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. எந்தப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தாக்கல் செய்த கணக்கையும் நூறு ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு, நஷ்டம், வங்கியில் இருந்த பணம், இயக்குநர்கள் யார், எப்போது யாருக்குப் புதிதாகப் பங்கு ஒதுக்கினார்கள், எல்லாம் இருக்கும். என்ன, அது மார்ச் 31 நிலவரம். தாக்கலாகவே அக்டோபர் ஆகிவிடும். ஊசிப்போன சாம்பார்தான், ஆனால் என்ன பருப்பு போட்டார்கள் என்று தெரியும். நஷ்டம் வருடா வருடம் ஏறுகிறதா, வருமானம் அதைவிட வேகமாக ஏறுகிறதா என்பது போதும். இவர்களுடையதில் வருமானம் ஏறியிருந்தது. நஷ்டமும்தான்.

இன்றைய நிலவரத்துக்கு நிறுவனரையே கேட்க வேண்டும். கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பதற்குத்தான் ரன்வே என்று பெயர். "ரன்வே எத்தனை மாசம்?" என்ற கேள்விக்கு வரும் பதிலை விட, அது வரும் விதத்தைப் பார்க்கச் சொன்னேன். "அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க ப்ரோ, வீ ஆர் வெல் ஃபண்டட்" என்றால் எழுந்து வந்துவிடலாம். இவனுடைய நிறுவனர் நேராகச் சொன்னார்: கையில் 11 கோடி, மாதம் நிகரமாக 70 லட்சம் கரைகிறது, 16 மாதம் வரும், பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் 140 பேர். அந்தப் பதில்தான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. இந்தக் கேள்விக்கு நான் வேலை செய்த இடத்தில் கடைசி வரை ஒரு எண் வரவில்லை.

ஆனால் 16 மாதம் என்பது 16 மாதமல்ல. இவனுக்கு இப்போதைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ். இவன் சேரும் நாளில் அது 13. பணம் முழுக்கக் கரையும் வரை எந்த நிறுவனரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டார். ஆறு மாதப் பணம் மிச்சமிருக்கும்போதே ஆளெடுப்பை நிறுத்துவார்கள், பிறகு ஆளைக் குறைப்பார்கள்; கடைசியாகச் சேர்ந்தவன் பெயர் பட்டியலில் முதலில் இருக்கும். ஆக, நிம்மதியான காலம் ஏழு மாதம். முதல் ஈசாப் உரிமையாவது 12-ஆம் மாதம். நடுவில் யாராவது புதிதாகப் பணம் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அந்த 8,000-இல் ஒன்றுகூட இவன் பெயருக்கு வராமலே போகலாம்.

போடுவார்களா என்பது கம்பெனியின் கையில் மட்டும் இல்லை. இந்தியாவில் 2021-இல் மட்டும் 40-க்கு மேற்பட்ட ஸ்டார்ட்அப்கள் நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்டன. 2023-இல் இரண்டே இரண்டு. இரண்டு வருடத்தில் நம் ஊர்ப் பையன்களுக்கு மூளை மழுங்கிப்போகவில்லை. பணம் வருகிற திசையில் காற்று மாறியது. வெளிப் பணமே வாங்காமல் 1996-லிருந்து வளர்ந்த ஸோஹோவும் இதே சென்னையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த ரன்வே கேள்வியே எழாது. ஆனால் இவனுக்கு வந்திருக்கும் ஆஃபர் அந்த ரகம் இல்லை.

இப்போது அடுத்த பாதி. உன் ரன்வே எத்தனை மாசம்? மேடவாக்கத்தில் வாடகை, மளிகை, மருந்து, பைக் தவணை, சித்தி கட்டும் சீட்டு, எல்லாம் சேர்த்து மாதம் 55,000 என்று சித்தி கீரைக் காம்பை எண்ணுகிற மாதிரி விரல்விட்டுச் சொன்னாள். அவனுக்கே தெரியாத கணக்கு. வங்கியில் எஃப்டி 2,80,000. ஐந்து மாதம். சம்பளம் நின்றுபோய், தேடி, நாலு ரவுண்டு இன்டர்வியூ முடித்து, அடுத்த இடத்தில் முதல் சம்பளம் வாங்க நான்கைந்து மாதம் சாதாரணமாக ஆகும். மயிரிழையில் நிற்கிறான். நோட்டீஸ் காலத்தில் மாதம் 35,000 மிச்சம் பிடித்தால் ஏழு மாதமாகும். ஏழு என்றால் எனக்குச் சம்மதம். எனக்கே அப்போது மூன்றுதான் இருந்தது.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழுக்குப் போனது. "பேங்க் இஷ்யூ" என்றார்கள். பிறகு பதினைந்துக்குப் போனது. ஒருநாள் லஞ்ச் நேரத்தில் வேறு எதற்கோ யுஏஎன் பாஸ்புக்கை, அதாவது என் பிஎஃப் கணக்கைத் திறந்தேன். கடைசி வரவு ஐந்து மாதத்துக்கு முன்னால். பேஸ்லிப்பில் மாதா மாதம் பிடித்திருக்கிறார்கள், கட்டவே இல்லை. சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டினார்களா என்று பார்க்க வருமானவரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தேன்; அங்கும் அதே வெறுமை. கையில் தயிர்சாத டப்பாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நிறுவனர் கெட்டவர் இல்லை. பிஎஃப் பணத்தை எடுத்து எங்களுக்கே பாதிச் சம்பளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. சட்டப்படி அது குற்றம். எங்களில் யாரும் புகார் கொடுக்கவில்லை. பெரிய கம்பெனியில் இருப்பவர்கள் பாஸ்புக்கை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஸ்டார்ட்அப்பில் இருந்தால் மாதா மாதம் பாருங்கள். கம்பெனிக்கு மூச்சு வாங்குவது எல்லோரையும் கூட்டும் ஆல் ஹேண்ட்ஸ் மீட்டிங்கில் தெரிவதற்கு முன் அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் எதற்குப் போவது?

காசுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. வேலைக்குத்தான். இதில் மட்டும் ஸ்டார்ட்அப் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது.

ஆறு வருடத்தில் அவன் செய்த பெரிய வேலை என்ன என்று கேட்டேன். இரவில் ஓடும் பேட்ச் ஜாப் ஒன்று நான்கு மணி நேரம் எடுத்ததை ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்தானாம். எப்போது? நாலு வருடத்துக்கு முன்னால். அதன் பிறகு? புகார் டிக்கெட், டிக்கெட், டிக்கெட். ஜிசிசியில் 40 பேர் குழு, வங்கியின் உள்வேலைக்கான கணக்கு சரிபார்க்கும் சிஸ்டம். ஒழுங்கான இடம், கோட் ரிவ்யூ உண்டு, டெஸ்ட் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. நல்ல பழக்கங்கள் படியும். ஆனால் ஒரு சின்ன மாற்றம் லைவ் போவதற்கு ஆறு அப்ரூவல் வாங்க வேண்டும். நான் இருக்கும் இடத்திலும் அப்படித்தான், எனவே தெரிந்துதான் சொல்கிறேன்.

பெருங்குடியில் பேக்எண்டுக்கு, அதாவது பின்னால் சர்வரில் ஓடும் பகுதிக்கு, இவன் நான்காவது ஆள். எழுதியவன்தான் சர்வரையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் ராத்திரி கூப்பிட்டுத் திட்டினால் இவன்தான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு அம்சத்தை எடுத்துவிடலாமா வேண்டாமா என்று நிறுவனரோடு மல்லுக்கட்டலாம். என் இரண்டரை வருடத்தில் நான் கற்றதை வைத்துத்தான் அதற்கப்புறம் வந்த எட்டு வருடமும் சம்பளம் வாங்குகிறேன். கம்பெனி செத்தது, கற்றது சாகவில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. யாருக்குக் கீழே வேலை என்பது. மேலே தெரிந்தவர் ஒருவர் இருந்தால்தான் ஸ்டார்ட்அப் பள்ளிக்கூடம். இல்லையென்றால் தப்பைத் தப்பாகவே வேகமாகச் செய்யப் பழகுவான். அங்கே இன்ஜினியரிங்கைப் பார்ப்பவரோடு ஒருமுறை பேசச் சொன்னேன், இன்டர்வியூவாக இல்லாமல் இவன் கேள்வி கேட்கும் விதமாக. ஒன்றே கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தான். "போன வருஷம் டேட்டாபேஸ் விழுந்துச்சாம்க்கா, எப்படி விழுந்துச்சு, எப்படித் தூக்கினோம்னு போர்டுல வரைஞ்சே காட்டினார்" என்றான். தன் தவறை வரைந்து காட்டுகிறவரிடம் அனுப்பலாம்.

வயதும் ஒரு கணக்கு. அவனுக்கு 28. இரண்டு வருடம் வீணாகப் போனாலும் 30-இல் சந்தைக்கு வருவான். எனக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண், வீட்டுக் கடன். இதே இரண்டு லெட்டர் எனக்கு வந்திருந்தால் மணப்பாக்கத்துக்கு மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சில்லறை விஷயங்களை ஓடிவிடுகிறேன். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் வேலை மாறுவதற்கு முன் வாங்குவது நல்லது. பெயர் தெரியாத கம்பெனி பேஸ்லிப்பை வங்கிக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். விலகிய பிறகு இரண்டு வருடம் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று லெட்டரில் ஒரு வரி இருந்தது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்கு முன் அது நிற்காது, ஆனால் கம்பெனி ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற வரி நிற்கும். ஜாயினிங் போனஸ் கொடுத்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பார்க்க வேண்டும். கல்யாணச் சந்தையில் ஸ்டார்ட்அப்புக்கு மதிப்பு குறைவுதான், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இருக்கும் இடத்திலேயே இருப்பது பற்றி அதிகம் எழுதவில்லை என்று தோன்றும். எழுத ஒன்றும் இல்லை. "அதுவாவது நிச்சயம்" என்று சித்தி சொன்னாள். 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேரை, அதாவது தன் ஊழியர்களில் இரண்டு சதவீதத்தை, குறைக்கப்போவதாக அறிவித்த நாளோடு அந்த நம்பிக்கை சென்னையில் பாதி வீடுகளில் ஆட்டம் கண்டுவிட்டது. நாலு வருடமாகப் புதிதாக எதுவும் கற்காமல் ஒரே புராஜெக்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு, மூன்று வழிகளில் அதிக ஆபத்தானது அதுதான் என்பது என் எண்ணம். ஜிசிசிக்கும் சாகாவரம் கிடையாது. வெளிநாட்டில் யாரோ ஒரு தலைமை மாறினால் இங்கே ஒரு தளம் காலியாகும். ஆனால் அப்போதும் சம்பளம் ஒழுங்காகக் கணக்குத் தீர்த்துத்தான் அனுப்புவார்கள்.

அவன் என்ன செய்தான்

ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். ஜிசிசி ரெக்ரூட்டர் அதற்குள் ஐந்து முறை போன் செய்துவிட்டார். பெருங்குடிக்கு ஒரு மெயில் எழுதினோம், நான்கு கேள்வியோடு. வேரியபிள் இரண்டில் ஒன்றை ஃபிக்ஸடில் போட முடியுமா? பிஎஃப் முழு பேசிக்குக்கும் கட்ட முடியுமா? விலகிய பின் பங்கு வாங்கும் கெடுவை 90 நாளிலிருந்து நீட்ட முடியுமா? அப்பா அம்மாவை இன்சூரன்ஸில் சேர்க்க முடியுமா? முதலாவதற்குச் சம்மதம். இரண்டாவது முடியாது, எல்லோருக்கும் ஒரே விதி. மூன்றாவதற்கு ஒரு வருடம் கொடுத்தார்கள். நான்காவது, பிரீமியத்தை இவனே கட்டுவதாக இருந்தால் குரூப் பாலிசியில் சேர்க்கலாம் என்றார்கள். அது எனக்கே தோன்றாத வழி. அவர்களுடைய பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு இல்லை என்பதால் சித்தப்பாவுக்கு அது வெளிப் பாலிசியை விட நல்லது. ஆனால் கம்பெனி போனால் அதுவும் போகும் என்பதால், தனியாக ஒரு சின்ன பாலிசியும் இப்போதே எடுத்து வைக்கச் சொன்னேன். காத்திருப்புக் காலம் இன்றிலிருந்து ஓடட்டும்.

திருத்திய லெட்டர் வியாழக்கிழமை வந்தது. அதில் கம்பெனி கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ராஜினாமா மெயில் போகவேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். இருந்தது. ராத்திரி 11:40-க்கு மெயில் அனுப்பிவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் போட்டான். மறுநாள் காலை பத்தரைக்கு போன்.

"அக்கா, இப்ப நாலாவதா ஒண்ணு வந்திருக்கு. மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். ஆறு வருஷமா ஆன்சைட் பத்தி வாயைத் திறக்காதவர், டல்லாஸுக்கு அனுப்பறேங்கறார். ரெண்டு மாசத்துல விசா பிராசஸ் ஆரம்பிச்சிடலாமாம்."

"எழுத்துல குடுத்தாரா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கேன்டீன் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லக்கா. வாயாலதான்."